மூலையில் வந்து 'வைரஸ்' என்று கத்தும் பெட்டி: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பலகாரக் கடை ஆச்சியிடமிருந்து போன் வந்தபோது தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. "என்னப்பா, போன வாரந்தானே வந்து பாத்துட்டுப் போனே? இப்ப மூலையில ஒரு பெட்டி வந்து வந்து அஞ்சு வைரஸ் இருக்குங்குது. மணகோலம், சீப்புச்சீடை ஆர்டர் பூரா இதுக்குள்ளதான் கிடக்கு. போயிருச்சுன்னா யாருக்கு எத்தனை கிலோன்னு நான் எங்க போய்க் கேப்பேன்?"

"ஆச்சி, அந்தப் பெட்டிக்குள்ள பொடி எழுத்துல ஏதாச்சும் பேர் போட்டிருக்கா? வாசிங்க."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகச் சொன்னார். 'கூகுள் க்ரோம்' என்று ஒரு வரி. அதன் கீழே, கையில் கிடைத்த எழுத்தை அள்ளிக் கொட்டியது போல ஒரு பெயர், இடையில் புள்ளி.

"சரி. அது வைரஸ் இல்ல ஆச்சி. யாரோ 'அலோ' அமுக்கியிருக்காங்க."

"நான் அமுக்கல."

யாரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். அதனால் நான் இப்போதெல்லாம் 'யார் அமுக்கினது' என்று கேட்பதே இல்லை. முதலாளி அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தால் அடுத்த முறை அமுக்கியவர் வாயைத் திறக்க மாட்டார். பெட்டியை மூடி மூடி ஒரு வாரம் ஓட்டிவிட்டு, கடைசியில் அதிலிருக்கும் நம்பருக்கே போன் போட்டுவிடுவார். செலவு வைப்பது அந்தக் கடைசிக் கட்டம்தான்.

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, புதுவயல் அரிசி ஆலை, கானாடுகாத்தான் பங்களா ஹோட்டல், தேவகோட்டை ஆடிட்டர் அலுவலகம் என்று பைக்கில் சுற்றிக் கணினி பார்ப்பவன் நான். இந்தப் பெட்டிக்காக மட்டுமே எத்தனை தடவை பெட்ரோல் போட்டிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. பாதிக்கு மேல் போனிலேயே தீர்ந்திருக்க வேண்டியவை. உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படியுங்கள்.

பெட்டி யாருடையது?

ஒரு இணையப் பக்கத்தால் உங்கள் கணினியின் டிஸ்க்கைத் துழாவி வைரஸ் தேட முடியாது. பிரவுசர் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அது காட்டும் 'ஸ்கேனிங்' பட்டை ஓடுவது, சிவப்பு எண் ஏறுவது எல்லாம் வரைந்து வைத்த படம். யார் திறந்தாலும் அதே ஐந்து வைரஸ்தான். உங்கள் ஐபி எண், ஊர், பிரவுசர் பெயர் எல்லாம் சரியாகச் சொல்கிறதே என்று பலர் பயப்படுகிறார்கள். அந்த விவரம் நீங்கள் போகும் எல்லாத் தளத்துக்கும் தெரியும். ஊரையும் கவனித்துப் பாருங்கள்: காரைக்குடியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பல நேரம் சென்னை என்றோ மதுரை என்றோதான் காட்டும்.

உண்மையான எச்சரிக்கை என்றால் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்ற பெயரில் வரும், கூடவே எந்த இணையதளப் பெயரும் இருக்காது. சந்தேகமாக இருந்தால் பெட்டியைத் தொடாமல் ஸ்டார்ட்டில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறந்து, 'வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்' உள்ளே 'ப்ரொடெக்‌ஷன் ஹிஸ்டரி' பாருங்கள். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் எதையாவது பிடித்திருந்தால் அங்கே எழுதியிருக்கும். வேறு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதைத் திறந்து அதன் பதிவைப் பாருங்கள். இன்னொன்று: மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கையில் தொலைபேசி எண் போடுவதே இல்லை. எண் இருந்தால் பொய். இதற்கு விதிவிலக்கு கிடையாது.

புது லேப்டாப்போடு இலவசமாக வரும் சோதனைக்கால ஆன்டிவைரஸ் 'உங்கள் பாதுகாப்பு முடிந்தது' என்று நச்சரிப்பது தனிக் கதை. அது உண்மையான நிரலிலிருந்தே வருவது, ஆனால் அதுவும் வைரஸ் செய்தி அல்ல, வியாபாரம். வேண்டாமென்றால் அன்இன்ஸ்டால் செய்யுங்கள், டிஃபெண்டர் தானாகப் பொறுப்பெடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: வலது கீழ் மூலையில் சின்னப் பெட்டி, சில நிமிடத்துக்கு ஒருமுறை

ஆச்சி கடையில் வந்தது இதுதான். நான் பார்ப்பதிலும் இதுதான் மிகுதி. இது பிரவுசர் நோட்டிஃபிகேஷன். வாட்ஸப் வெப்பில் மெசேஜ் வந்தால் மூலையில் எட்டிப் பார்க்குமே, அதே வசதியை ஒரு களவாணித் தளம் வாங்கி வைத்திருக்கிறது.

எப்படி வாங்கியது? ஆத்தங்குடிப் பட்டறை ஒன்றில் நேரிலேயே பார்த்தேன். வெளியே கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து ஒருவர் வண்ணக் கலவையை ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே கணக்குப் பார்க்கும் பெண், சிமெண்டுத் தூசி படிந்த கீபோர்டில், பாமினி எழுத்துருவில் வந்திருந்த ஒரு கடிதத்தை யூனிகோடாக மாற்ற ஒரு தளம் தேடினாள். மூன்றாவதாக வந்த முடிவை அழுத்தினாள். பக்கத்தில் ஒரு ரோபோ படம், 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ அமுக்குங்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. இடது மேல் மூலையில் க்ரோம் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டது: இந்தத் தளம் நோட்டிஃபிகேஷன் காட்டலாமா, அலோவா, பிளாக்கா? அவள் கை அலோவுக்குப் போனது.

"இரும்மா" என்றேன். "ஏண்ணே, ரோபோ இல்லன்னு சொல்லணும்ல?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். பக்கம் கேட்டது ஒரு கேள்வி, க்ரோம் கேட்டது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகத் தெரிய வைப்பதுதான் அங்கே நடக்கும் வித்தை. உண்மையான ரோபோ சோதனை பக்கத்துக்கு உள்ளேயே கட்டம் போட்டு டிக் கேட்கும், பஸ் படத்தைப் பொறுக்கச் சொல்லும். பிரவுசரின் அனுமதிப் பெட்டியைத் தொடச் சொல்லவே சொல்லாது.

நீக்குவது இப்படி. க்ரோமில் வலது மேல் மூலை மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். கீழே இறங்கினால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். வாட்ஸப், ஜிமெயில் போல நீங்கள் அறிந்தவற்றை விட்டுவிட்டு, மற்ற ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி 'பிளாக்' கொடுங்கள். 'ரிமூவ்' வேண்டாம். ரிமூவ் என்றால் அடுத்த முறை போகும்போது மறுபடி கேட்கும், பிளாக் என்றால் கேட்காது. அப்புறம் அதே பக்கத்தின் மேலே, தளங்கள் நோட்டிஃபிகேஷன் அனுப்பவோ கேட்கவோ கூடாது என்ற தேர்வை வையுங்கள். இந்தக் கூட்டம் நாளுக்கொரு பெயரில் வருவதால் ஒவ்வொரு பெயராகப் பிளாக் செய்துகொண்டிருந்தால் முடியாது.

எட்ஜில் இதன் இடம் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் 'நோட்டிஃபிகேஷன்' என்று அடித்தால் போதும். ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, பெர்மிஷன்ஸ். அங்கே நோட்டிஃபிகேஷனுக்கு எதிரே உள்ள 'செட்டிங்ஸ்' பட்டனை அழுத்தினால் பட்டியலும், புதிய கோரிக்கைகளைத் தடுக்கும் டிக் கட்டமும் இருக்கும்.

சிலர் விண்டோஸ் செட்டிங்ஸில் போய்க் க்ரோமின் மொத்த நோட்டிஃபிகேஷனையும் அணைத்துவிடுகிறார்கள். பெட்டி நிற்கும், உண்மைதான். ஆனால் வாட்ஸப் ஆர்டரும் சத்தமில்லாமல் வந்து கிடக்கும், அனுமதி உள்ளே அப்படியே இருக்கும். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துவது போல.

'க்ரோமை மூடிய பிறகும் வருகிறது' என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம் போய், க்ரோமை மூடியபின் பின்னணியில் ஓடவிடும் தேர்வை அணையுங்கள்.

அறிகுறி: திரை முழுக்கச் சிவப்பு, சைரன், மவுஸைக் காணோம்

கானாடுகாத்தானில் ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசை. எதிரே வெளிநாட்டு விருந்தினர் பாஸ்போர்ட்டோடு நிற்கிறார். கணினி திடீரென்று, 'கணினியை அணைக்காதீர்கள், உங்கள் விவரம் திருடப்படுகிறது' என்று ஆங்கிலத்தில் பெண் குரலில் அலறுகிறது. பையன் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினான். அவன் செய்த முதல் காரியமே சரி. சத்தம் நின்றால்தான் புத்தி வேலை செய்யும்.

இது வெறும் ஒரு டேப், முழுத்திரைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். மவுஸ் அம்பைப் பக்கமே மறைத்து வைக்கும். எஸ்கேப் பொத்தானை இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடியுங்கள், தட்டிவிட்டு எடுத்தால் போதாது. முழுத்திரை விட்டதும் கன்ட்ரோல் + டபிள்யூ அந்த டேபை மூடும். மசியவில்லையா, ஆல்ட் + எஃப்4. அதற்கும் மசியவில்லையா, கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் க்ரோமைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்'. கணக்கு எழுதும் டேலி திறந்திருந்தால் பயப்பட வேண்டாம், அது தனி நிரல், பாதிக்காது. ஜிஎஸ்டி தளத்தில் பாதி நிரப்பிய படிவம் போகும், அதற்கு வருத்தப்பட்டுப் பயனில்லை.

மறுபடி க்ரோமைத் திறந்ததும் 'ரீஸ்டோர் பேஜஸ்' என்று கேட்கும். அதை அமுக்கினால் பேயை நாமே அழைத்து வந்தது போல. குறுக்குக் குறியைப் போட்டு மூடுங்கள். சில கணினிகளில் கேட்காமலே பழைய டேப்கள் திறக்கும்படி வைத்திருப்பார்கள், சைரன் திரும்ப வரும். அப்போது நெட் கேபிளைக் கழற்றிவிட்டு அல்லது வைஃபையை அணைத்துவிட்டு க்ரோமைத் திறங்கள். பக்கம் ஏற வழியில்லாமல் வெற்று டேபாக நிற்கும். அதை மூடிவிட்டு, செட்டிங்ஸில் 'ஆன் ஸ்டார்ட்அப்' பகுதியில் புதிய டேப் திறக்கும்படி மாற்றியபின் நெட்டைக் கொடுங்கள்.

எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று ஹிஸ்டரியில் ஒருமுறை பாருங்கள். தேடல் முடிவின் மேலே வரும் விளம்பரம், ஒரு எழுத்துத் தவறிய முகவரி, சீரியல் பார்க்கும் தளம், இவை வழக்கமான வாசல்கள். எட்ஜில் 2025 முதல் இந்த மாதிரி முழுத்திரை மிரட்டலை அடையாளம் கண்டு நிறுத்தும் 'ஸ்கேர்வேர் பிளாக்கர்' வந்திருக்கிறது. செட்டிங்ஸில் தேடி அது இயங்குகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: எல்லாம் செய்தாயிற்று, திரும்பத் திரும்ப வருகிறது

இங்கே என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2019இல் ஒரு ஜவுளிக் கடையில் தானாகப் புதுப்புது டேப் திறந்து வைரஸ் எச்சரிக்கை காட்டும் கணினி. நான் பெரிய மனிதனாட்டம் 'ஃபார்மட் போட்டுரலாம்' என்றேன். டேலி பேக்கப், பிரிண்டர் டிரைவர், தமிழ்க் கீபோர்டு எல்லாம் திரும்பப் போட்டு முடிக்க அரை நாள் ஆனது. முதலாளி தன் கூகுள் கணக்கில் நுழைந்தார். ஐந்து நிமிடத்தில் அதே டேப், அதே எச்சரிக்கை. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

நடந்தது இதுதான்: குப்பை இருந்தது விண்டோஸில் இல்லை, க்ரோமோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரலான எக்ஸ்டென்ஷனில். எக்ஸ்டென்ஷன்கள் கூகுள் கணக்கோடு ஒத்திசைந்து போகும். கணினியைக் கழுவி வைத்தாலும் கணக்கில் நுழைந்ததும் அதுவும் கூடவே குடிவந்துவிடும். அன்றிலிருந்து இதற்காக நான் ஃபார்மட் போட்டதில்லை. யாராவது முதல் வேலையாக ஃபார்மட் என்றால், அவருக்கு நோய் பிடிபடவில்லை என்றே நினைக்கிறேன்.

மூன்று புள்ளி, எக்ஸ்டென்ஷன்ஸ், மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ். எல்லாவற்றையும் அணையுங்கள், யோசிக்காதீர்கள். ஒரு மணி நேரம் வேலை பாருங்கள். பெட்டி வரவில்லை என்றால் குற்றவாளி அந்தக் கூட்டத்தில்தான். வேண்டியவற்றை ஒவ்வொன்றாக இயக்குங்கள். பிடிஎஃப் மாற்றி, கூப்பன் தேடி, வானிலை, 'சர்ச்' என்ற சொல் ஒட்டிய எதுவும், இவற்றை இயக்கவே வேண்டாம், நேரே ரிமூவ். அந்த ஒத்திசைவு (சிங்க்) இயங்கினால் அந்த நீக்கம் மற்றக் கணினிக்கும் போய்விடும்.

இதற்குப் பிறகும் தேடல் வேறெங்கோ போகிறது, முகப்புப் பக்கம் மாறுகிறது என்றால் செட்டிங்ஸின் கடைசியில் உள்ள 'ரீசெட் செட்டிங்ஸ்' போடலாம். எக்ஸ்டென்ஷன்கள் அணையும், குக்கீகள் போகும், ஒவ்வொரு தளத்திலும் மறுபடி லாகின் செய்ய வேண்டும். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் அப்படியே இருக்கும். முன்பு க்ரோமுக்குள்ளேயே 'கிளீன் அப் கம்ப்யூட்டர்' என்று ஒன்று இருந்தது. பழைய வழிகாட்டிகள் அதைத் தேடச் சொல்லும். 2023இல் கூகுள் அதை எடுத்துவிட்டது, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ரிமூவ் பட்டனே இல்லாத எக்ஸ்டென்ஷன் இருக்கிறதா? மூன்று புள்ளி மெனுவின் அடியில் 'மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்' என்று எழுதியிருக்கிறதா? இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். வங்கிக் கிளையிலோ பல்கலைக்கழகத்திலோ இருக்கிறீர்கள் என்றால் அது உங்கள் ஐடி ஆட்கள் வைத்தது. கைவைக்காமல் அவர்களிடம் சொல்லுங்கள். மூன்று பேர் வேலை பார்க்கும் கடையில், ஐடி என்று ஆளே இல்லாத இடத்தில் அது எழுதியிருந்தால், ஒன்று ஆன்டிவைரஸ் வைத்திருக்கும், இல்லை யாரோ திருட்டுத்தனமாக நுழைத்திருப்பார்கள். அட்ரஸ் பாரில் க்ரோம் என்று அடித்து, ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று ஆங்கிலத்தில் அடித்தால் என்னென்ன விதி போடப்பட்டிருக்கிறது என்று பட்டியல் வரும். எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாகப் போடும் விதி இருந்தால் அதில் 32 எழுத்து நீளத்துக்கு ஒரு அடையாளம் தெரியும். அது நீங்கள் நீக்க முடியாத எக்ஸ்டென்ஷனின் அடையாளம்தானா என்று ஒப்பிட்டுப் பார்த்து, விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் பாலிசிஸ், கூகுள், க்ரோம் என்ற கிளையை முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு அந்த வரியை நீக்குங்கள். ரெஜிஸ்ட்ரி பழக்கமில்லாதவர்கள் இந்த ஒன்றுக்கு மட்டும் ஆள் கூப்பிடுங்கள், கௌரவக் குறைச்சல் இல்லை.

அறிகுறி: கணினியைப் போட்டதும், பிரவுசரைத் தொடாமலே வருகிறது

மூன்று இடம் பார்க்க வேண்டும். டெஸ்க்டாப்பில் இருக்கும் க்ரோம் ஐகானை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறந்து 'டார்கெட்' வரியைக் கடைசிவரை நகர்த்திப் பாருங்கள். நிரலின் பெயர் முடிந்த பிறகு ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருந்தால் அதை அழியுங்கள். அடுத்து டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்'. பெயர் தெரியாததை அணையுங்கள், நீக்க வேண்டாம். மூன்றாவது டாஸ்க் ஷெட்யூலர், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அரை மணிக்கொரு முறை ஒரு முகவரியைத் திறக்கும்படி அங்கே ஒரு வேலை பதிந்திருக்கும். கடிகாரம் பார்த்தது போல ஒரே இடைவெளியில் டேப் திறந்தால் நேராக இங்கே வாருங்கள்.

இந்த வகைக்கு மட்டும் உண்மையான ஸ்கேன் தேவை, ஏனென்றால் இங்கே கணினிக்குள் ஒரு நிரல் நுழைந்திருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' போடுங்கள், ரீஸ்டார்ட் ஆகி கால் மணி நேரம் போல ஓடும். கணினி விண்டோஸ் 7 என்றால் அதற்கான க்ரோம் 109ஆம் பதிப்போடு 2023லேயே நின்றுவிட்டது. அதில் நெட் பேங்கிங் பார்ப்பதை நிறுத்துங்கள், டேலிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கடையில் எல்லாக் கணினியிலும், போனிலும்கூட

ஒரு போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். அதில் வரவில்லை, வைஃபையில் வருகிறது என்றால் ரவுட்டரின் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவது) மாறியிருக்கலாம். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த அதே 'அட்மின்' இன்னும் பாஸ்வேர்டாக இருக்கும் கடைகளில்தான் இது நடக்கிறது. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழைந்து டிஎன்எஸ்ஸை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றி, பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அவசரப்பட்டு ரீசெட் ஊசியால் குத்திவிடாதீர்கள். இணைப்புக்கான யூசர்நேம், பாஸ்வேர்டு கையில் இல்லாமல் குத்தினால், லைன்மேன் வரும்வரை கடையில் நெட் இருக்காது.

போனில் மட்டும் வருகிறது என்றால் வந்த நோட்டிஃபிகேஷனை நீள அழுத்துங்கள், அணைக்கும் தேர்வு வரும். போன் க்ரோமிலும் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் உண்டு.

உங்கள் கடையின் சொந்த இணையதளத்துக்குள் போனால் வைரஸ் பக்கம் வருகிறது என்று வாடிக்கையாளர் சொல்கிறார், நீங்கள் பார்த்தால் ஒன்றும் இல்லை என்றால் அவர் சொல்வதை நம்புங்கள். தளம் உடைக்கப்பட்டிருக்கலாம். தேடலிலிருந்து முதல்முறை வருபவர்களுக்கு மட்டும் திருப்பிவிடும் குறும்பு அதில் உண்டு. தளம் செய்து கொடுத்தவரைப் பிடியுங்கள்.

அறிகுறி: விண்டோஸ் பொத்தானோடு ஆர் அமுக்கச் சொல்கிறது

2024 முதல் பரவியது, இந்தப் பட்டியலில் மிக மோசமானதும் இதுதான். பக்கம் 'நீங்கள் மனிதரா என்று சரிபார்க்க' மூன்று படி சொல்லும்: விண்டோஸ் + ஆர், பிறகு கன்ட்ரோல் + வி, பிறகு என்டர். காப்பி செய்தது தங்கும் க்ளிப்போர்டில் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையை வைத்திருக்கும். மூன்றாவது படியில் அதை நீங்களே உங்கள் கையால் இயக்குகிறீர்கள். பிரவுசரின் வேலி இங்கே உதவாது. செய்யவில்லை என்றால் டேபை மூடிவிட்டுப் போகலாம். செய்துவிட்டால் நெட் கேபிளைப் பிடுங்குங்கள். இவை பெரும்பாலும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டை அள்ளும் வகை. அதனால் வேறு ஒரு சுத்தமான போனிலிருந்து முதலில் மெயில், அடுத்து வங்கி, அப்புறம் ஜிஎஸ்டி என்று பாஸ்வேர்டு மாற்றுங்கள், எல்லாச் சாதனத்திலிருந்தும் வெளியேறும் தேர்வையும் கொடுங்கள். நான் ஃபார்மட் போடுவதில்லை என்று மேலே சொன்னேன், இதற்கு மட்டும் போடுவேன்.

அறிகுறி: அந்த நம்பருக்குப் போன் போட்டாயிற்று

புதுவயலில் ஒரு ஆலைக் கணக்குப்பிள்ளை. ஐந்தொகையை நோட்டில் எழுதிக் கூட்டியே பழகியவர், காசு விஷயத்தில் யாரையும் எளிதில் நம்பாதவர். அவரே நாற்பது நிமிடம் அந்த ஆளோடு பேசியிருக்கிறார். "தம்பி, அவன் காட்டினதை நானே கண்ணால பாத்தேன். வரிசையா சிவப்பும் மஞ்சளுமா எரருங்க. நூத்துக்கணக்குல இருந்துச்சு."

"அண்ணே, என் கம்ப்யூட்டரையும் பாருங்க" என்று என் லேப்டாப்பில் 'ஈவன்ட் வியூவர்' திறந்து காட்டினேன். அதிலும் வரிசையாகச் சிவப்பு, மஞ்சள். விண்டோஸ் தன் அன்றாடச் சில்லறைப் பிரச்சினைகளை எழுதி வைக்கும் நாட்குறிப்பு அது, நல்ல கணினியிலும் நிறைந்து கிடக்கும். மோசடிக்காரன் தூரத்திலிருந்து கணினியைக் கையில் எடுத்ததும் முதலில் திறந்து காட்டுவது இதைத்தான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பேரேட்டுல அடித்தல் திருத்தல் இருக்குன்னா கடை திவாலுன்னு சொன்ன மாதிரில்ல இருக்கு" என்றார். என்னைவிடச் சரியாகச் சொல்லிவிட்டார்.

இந்த நிலையில் வரிசை முக்கியம். போனை வையுங்கள். நெட்டைத் துண்டியுங்கள். எனிடெஸ்க் போலத் தொலைவிலிருந்து இயக்கும் எதைப் போடச் சொல்லியிருந்தாலும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள், போனிலும் போட்டிருந்தால் அதிலும். பேச்சின்போது வங்கித் தளம் திறந்திருந்தாலோ, ஓடிபி சொல்லியிருந்தாலோ, கணினியை மறந்துவிட்டு வங்கிக்குப் பேசிக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள், உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அடியுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். நேரம் ஏன் முக்கியம் என்றால், நம் அலட்சியத்தால் விவரம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லும்வரை போன பணம் நம் தலையில், சொன்னபின் போவது வங்கியின் தலையில் என்று ரிசர்வ் வங்கி 2017இல் போட்ட சுற்றறிக்கை சொன்னது. முதலாளிக்குத் தெரிந்தால் திட்டுவாரே என்று தயங்கும் நேரத்துக்கு விலை இருக்கிறது. கணக்குப்பிள்ளை விஷயத்தில் நல்லவேளையாக அட்டை எண் கேட்டபோதுதான் அவருக்குச் சந்தேகம் வந்து போனை வைத்திருந்தார்.

இனி யாரும் அமுக்க முடியாதபடி செய்ய

பல பேர் கைவைக்கும் கணினி என்றால், அலோ கேள்வியே வராமல் செய்துவிடலாம். ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசிஸ், கூகுள், க்ரோம் என்ற இடத்தில் (கிளை இல்லையென்றால் உருவாக்கி) 'டிஃபால்ட்நோட்டிஃபிகேஷன்ஸ்செட்டிங்' என்ற பெயரில், இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில், ஒரு டிவேர்டு (எண் வகை) மதிப்பு போட்டு 2 கொடுங்கள். எட்ஜுக்குப் பாலிசிஸ், மைக்ரோசாஃப்ட், எட்ஜ் என்ற கிளையில் அதே பெயர், அதே 2. வாட்ஸப் வெப் மட்டும் வேண்டுமென்றால் அதே கிளையின் கீழே 'நோட்டிஃபிகேஷன்ஸ்அலோடுஃபார்யுஆர்எல்ஸ்' என்று ஒரு துணைக்கிளை, அதற்குள் 1 என்ற பெயரில் ஒரு ஸ்ட்ரிங், அதன் மதிப்பாக வாட்ஸப் வெப்பின் முழு முகவரி. பிரவுசரை முழுதாக மூடித் திறந்தால் நடைமுறைக்கு வரும்.

ஆச்சி கடையில் இதைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் மறுபடி போன்.

"என்னப்பா, மெனுவுக்குள்ள புதுசா என்னமோ எழுதியிருக்கு. மேனேஜ்டு பை ஆர்கனைசேஷன்னு என் பேரன் வாசிக்கிறான். யாருப்பா அந்த ஆர்கனைசேஷன்?"

"நீங்கதான் ஆச்சி."